ஏலியன் படங்களும் குடியேறிகள் சண்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும், அதுவும் அமெரிக்காவில் ஆட்களைப் பிடித்து நாடுகடத்துகிற செய்திகள் ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம். படங்களின் கதையை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன், இன்னும் பார்க்காதவர்கள் கவனித்துப் படிக்கவும்.

விண்கலத்தில் வருகிறவனுக்கும் விசாவில் வருகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? வலிந்து முடிச்சுப் போடுகிறீர்களோ?

முடிச்சு ஏற்கெனவே விழுந்துதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத கிட்டத்தட்ட எல்லோருமே 'ஏலியன்'. கிரீன் கார்டோடு டெக்சஸில் இருக்கிற உங்கள் சித்தப்பா மகனுக்குக் குடியேற்றத் துறை கொடுத்த எண் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்குகிறதே, அந்த 'ஏ' இதுதான். ஹெச்1பி விசாவில் போனவர் வரி கட்டும்போது, அவர் 'ரெசிடென்ட் ஏலியனா', 'நான்ரெசிடென்ட் ஏலியனா' என்பதை வைத்துத்தான் எந்தப் படிவம் என்பதே முடிவாகும்.

ஆனால் பெயர்ப் பொருத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கதைப் பொருத்தம். ஏலியன் படங்களில் அடிப்படையாக இரண்டு கதைகள்தான் உண்டு. ஒன்று, அவர்கள் வந்து இறங்குகிற கதை: வானம் இருட்டுகிறது, கப்பல் தெரிகிறது, ராணுவம் ஓடுகிறது. இன்னொன்று, அவர்கள் வந்து வருஷக்கணக்கில் ஆன பிறகு நடக்கிற கதை: வாடகை, வேலை, போலீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். குடியேற்றத்தைப் பற்றி மேடையில் சத்தம் போடுகிறவர்கள் எப்போதும் முதல் கதையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். குடியேறியவர்களின் நிஜ வாழ்க்கையோ முழுக்க முழுக்க இரண்டாவது கதையில் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

சட்டத்தில் இந்தப் பெயர் எப்போதிருந்து இருக்கிறது?

சினிமா பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாலிருந்தே. 1798-இல் ஜான் ஆடம்ஸ் அதிபராக இருந்தபோது அமெரிக்காவில் அடுத்தடுத்து நான்கு சட்டங்கள் வந்தன. ஒன்று, குடியுரிமைக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தை 5 வருஷத்திலிருந்து 14 ஆக்கியது. இன்னொன்று, ஆபத்தானவர் என்று அதிபர் நினைக்கிற வெளிநாட்டவர் யாரையும் வெளியேற்ற அதிகாரம் கொடுத்தது. இவை சீக்கிரமே போய்விட்டன. ஆனால் போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்து வைக்கவும் வெளியேற்றவும் வழிசெய்கிற சட்டம் மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர், ஜெர்மானியர், இத்தாலியர் மீது அது பாய்ந்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் தூங்கியது. 2025 மார்ச்சில் வெனிசுவேலாக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி எல் சால்வடோர் சிறைக்கு அனுப்ப அதே சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

பிரிட்டனில் 1905-இல் 'ஏலியன்ஸ் ஆக்ட்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ரஷ்யப் பேரரசில் நடந்த வெறியாட்டங்களுக்குத் தப்பி லண்டனின் கிழக்குப் பகுதியில் வந்து சேர்ந்த யூதர்களைத் தடுப்பதுதான் அதன் உண்மையான நோக்கம். கப்பலில் மலிவு வகுப்பில் வருகிறவர்கள், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு என்று காட்டாவிட்டால், திருப்பி அனுப்பப்படலாம். முதல் வகுப்பில் வந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பணம் இருப்பவர் விருந்தாளி, இல்லாதவர் அந்நியர் என்ற கணக்கு அன்றைக்கே போட்டாயிற்று.

முதல் படையெடுப்புக் கதையே பயமுறுத்தத்தான் எழுதப்பட்டதா?

செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தில் இறங்கி எரித்துத் தள்ளுகிற ஹெச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவல் 1898-இல் புத்தகமாக வந்தது. பின்னால் வந்த எல்லாப் படையெடுப்புப் படங்களுக்கும் அதுதான் பாட்டன். அதன் முதல் அத்தியாயத்தைத் தயவுசெய்து படியுங்கள். செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் நம் இனம் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார் வெல்ஸ். டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை ஐம்பதே வருஷத்தில் துடைத்தெறிந்தோமே என்று கேட்கிறார். (முழுக்கத் துடைத்தெறியவில்லை, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.) அதைச் செய்தவர்களுக்கு அவர் கொடுக்கிற பெயர் 'ஐரோப்பியக் குடியேறிகள்'.

அதாவது முதல் கதையில் செவ்வாய்க்காரன் என்பவன் ஏழை அகதி இல்லை, பீரங்கியோடு வந்த வெள்ளைக்காரன். பலசாலி வந்து பறிக்கிற கதை அது. அதைத் தலைகீழாகத் திருப்பி, கையில் துணிமூட்டையோடு வருகிறவன் மேல் ஒட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். நிலத்தைப் பிடுங்கியவர்களின் மனசாட்சிக் குத்தலாக எழுதப்பட்டது, நிலம் இழந்து வருகிறவர்களைப் பார்த்துப் பயப்படுவதற்கான படமாக மாறிப்போனது.

1950-களின் ஏலியன் படங்கள் கம்யூனிஸ்ட் பயம்தானே? குடியேறிகள் எங்கே வந்தார்கள்?

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. மேலே சொன்ன 1952 சட்டத்துக்கு ஒப்புதல் தர அதிபர் ட்ரூமன் மறுத்தார், நாடாளுமன்றம் அதையும் மீறி நிறைவேற்றியது. அந்தச் சட்டம் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற பழைய ஒதுக்கீட்டைக் காப்பாற்றி வைத்ததோடு, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்படுகிறவர்களைத் தடுக்கவும் வழி செய்தது. வெளியாள் என்றால் உளவாளி, உளவாளி என்றால் வெளியாள். 1956-இல் வந்த, விதைக்கூட்டிலிருந்து முளைத்த போலி மனிதர்கள் ஊரையே பிடித்துக்கொள்கிற 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில் பயம் வானத்திலிருந்து வருவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், மாமா, டாக்டர் எல்லோரும் பார்க்க அப்படியேதான் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இல்லை. நம்மைப் போலவே பேசிப் பழகி வாழ்கிறவன் மேல் எழுகிற சந்தேகம் அது. மூன்று தலைமுறையாக ஓர் ஊரில் இருப்பவனைப் பார்த்து 'நீ உண்மையில் எந்த ஊர்?' என்று கேட்கிற புத்தியும் அதுதான்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது 1951-இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி டே தி எர்த் ஸ்டூட் ஸ்டில்' படம். வாஷிங்டனில் பறக்கும் தட்டு இறங்குகிறது, உள்ளேயிருந்து க்ளாட்டு என்பவர் கையில் ஒரு பரிசோடு வருகிறார், பதற்றத்தில் ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பியவர் யாருடைய கோட்டையோ போட்டுக்கொள்கிறார். சலவைக்குப் போட்ட சீட்டில் இருக்கிற 'கார்ப்பென்டர்' என்ற பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு ஒரு வாடகை விடுதியில் அறை எடுக்கிறார். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜை. எல்லோரும் அந்த விண்வெளி ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு அம்மாள், அவன் விண்வெளியும் இல்லை ஒன்றும் இல்லை, இந்தப் பூமியிலிருந்துதான் வந்திருக்கிறான், எங்கேயிருந்து என்று உங்களுக்கே தெரியுமே என்று அர்த்தத்தோடு சொல்கிறார். அவர் சொல்வது ரஷ்யாவை. யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அவர் அதே மேஜையில் பணிவாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பொய்ப் பெயரில், வாடகை அறையில் இருந்துகொண்டு, தன்னைப் பற்றி அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டும் வாய் திறக்க முடியாமல் இருப்பது என்றால் என்ன என்று காகிதம் இல்லாமல் வெளிநாட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். எழுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

ஏலியனை நேரடியாகக் குடியேறியாகவே காட்டிய படங்கள் உண்டா?

நிறைய, அதிலும் 1980-களுக்குப் பிறகு. அமெரிக்காவில் 1986-இல் ரீகன் காலத்தில் வந்த சட்டத்தால் சுமார் 27 லட்சம் ஆவணமற்றவர்களுக்குச் சட்டப்படி தங்கும் உரிமை கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் நாடு முழுக்க இதே பேச்சுதான். படங்களிலும் அது தெரிந்தது.

1984-இல் ஜான் செய்ல்ஸ் எடுத்த 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்' படத்தில், கறுப்பின மனிதரைப் போல இருக்கும் வாய்பேசாத ஏலியன் ஒருவர் நியூயார்க்கில் எல்லிஸ் தீவில் வந்து விழுகிறார். பல லட்சம் ஐரோப்பியர்கள் வரிசையில் நின்று அமெரிக்கர்களாக ஆன அதே இடம். அவர் தன் கிரகத்தில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர், பின்னாலேயே பிடிக்க ஆள் வருகிறார்கள். ஹார்லத்தில் ஒரு மதுக்கடையில் இருப்பவர்கள் அவரை என்ன ஏது என்று பெரிதாக விசாரிக்காமல் ஒதுங்க இடம் பார்த்துக் கொடுத்து, இயந்திரங்களைத் தொட்டே சரிசெய்யும் அவருடைய கைக்கு ஒரு வேலையும் பார்த்துத் தருகிறார்கள். குறைந்த செலவில் எடுத்த படம். பெரிய படங்கள் எதிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: வந்தவனை ஏற்றுக்கொள்கிறவர்கள் அரசாங்கம் இல்லை, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்கள்.

1988-இல் வந்த 'ஏலியன் நேஷன்' படத்தில் அடிமைக் கப்பல் ஒன்றில் வந்த மூன்று லட்சம் பேர் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, அவர்களுக்கென்று தனிப் பேட்டை இருக்கிறது, புளித்த பாலைக் குடித்து அவர்களுக்குப் போதை ஏறுகிறது. போலீஸ் வேலைக்கு வந்த முதல் ஆட்களில் ஒருவரின் பெயர் சாம் பிரான்சிஸ்கோ. குடியேற்ற அலுவலகத்தில் ஆளாளுக்குப் பெயர் வைத்து அலுத்துப்போனவர்கள் வேடிக்கையாக வைத்த பெயர். அவரோடு ஜோடி சேர்ந்த வெள்ளைக்காரப் போலீஸ்காரர், இப்படி ஒரு பெயரைச் சொல்லி உன்னை நான் யாரிடம் அறிமுகப்படுத்துவது என்று, 'ஜார்ஜ்' என்று இன்னொரு பெயர் வைத்துவிடுகிறார்! படம் அதை நட்பின் தொடக்கமாகக் காட்டுகிறது. எனக்கு அது ஒட்டவே இல்லை. ஒரு மனிதரின் பெயரை இரண்டாம் தடவையும் அவரைக் கேட்காமலேயே மாற்றுகிறார்கள். முதலியார் 'மூட்லி' ஆன, பிள்ளை 'பில்லே' ஆன தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

1993-இல் வந்த, கூம்புத் தலையர்களைப் பற்றிய 'கோன்ஹெட்ஸ்' நகைச்சுவைப் படத்தில் குடியேற்றத் துறை அதிகாரிதான் வில்லன். செத்துப்போன ஒருவரின் அடையாள எண்ணில் வேலை பார்த்ததுதான் குற்றம். 1997-இன் 'மென் இன் பிளாக்' தொடங்குவதே மெக்சிகோ எல்லையில். ஒரு வேனில் ஒளிந்து வருகிற கூலியாட்களை எல்லைப் போலீஸ் பிடிக்கிறது. கறுப்புக் கோட்டு ஆள் வந்து வரிசையில் நிற்பவர்களிடம் ஒவ்வொருவராக ஸ்பானிஷில் பேசுகிறார், ஒருவன் மட்டும் அர்த்தம் புரியாமல் தலையாட்டுகிறான், அவன்தான் வேற்றுக்கிரகத்தான். மற்றவர்களைப் போக விட்டுவிடுகிறார். பின்னால் வருகிற தலைமை அலுவலகமே விமான நிலையத்தின் குடியேற்ற வரிசை மாதிரிதான் இருக்கும். பூமியில் இருக்கிற ஏலியன்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த நல்லவர்கள் என்று அந்த முதிய ஏஜென்ட் போகிற போக்கில் சொல்வார். பெரிய பட்ஜெட் படத்தில் அந்த ஒரு வரி வந்தது எனக்கு இன்றும் சந்தோஷம்.

'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தை ஏன் எல்லோரும் இதில் உச்சம் என்கிறார்கள்?

ஏனென்றால் அதில் உவமை என்று தனியாக ஒன்று இல்லை, நடந்ததையே எடுத்திருக்கிறார்கள். 2009-இல் நீல் ப்ளோம்காம்ப் இயக்கிய படம். 1982-இல் ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு மேலே ஒரு கப்பல் வந்து நிற்கிறது, மாதக்கணக்கில் யாரும் இறங்கவில்லை. மனிதர்கள் துளை போட்டு உள்ளே போகிறார்கள். அங்கே படை இல்லை. பட்டினியில் சுருண்டு கிடக்கிற லட்சக்கணக்கானவர்கள். அவர்களைக் கீழே கொண்டு வந்து ஒரு முகாமில் போடுகிறார்கள். முகாம் சேரியாகிறது. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, ஊருக்கு வெளியே கூடாரங்களுக்கு மாற்ற ஒரு தனியார் நிறுவனம் வருகிறது.

இந்தப் படத்துக்கு முன்னால் 2005-இல் அவர் இதே கருவை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். அதில் தெருவில் போகிறவர்களிடம், ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் இங்கே வந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நிஜமாகவே கேட்டு, வந்த பதில்களை ஏலியன்களைப் பற்றிச் சொன்னதாக ஒட்டினார். ஒட்டு தெரியவே இல்லை. குடியேறியைப் பற்றிச் சொன்னதை வேற்றுக்கிரகவாசிக்குப் பொருத்தினால் ஓர் எழுத்து கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றால், அந்தப் பேச்சு எப்படிப்பட்ட பேச்சு என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தலைப்பிலேயே கேப் டவுனின் ஆறாம் வட்டாரம் ('டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்') ஒளிந்திருக்கிறது. 1966 பிப்ரவரியில், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரிக்கிற சட்டத்தின் கீழ், அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று இனஒதுக்கல் அரசு அறிவித்தது, 60,000 பேருக்கு மேல் நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். இதே சட்டம்தான் டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கும், ஜோகன்னஸ்பர்க் இந்தியர்களை லெனேசியாவுக்கும் அனுப்பியது. 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரன் பேத்திகள் அதில் நிறையப் பேர். படம் எடுக்கப்பட்ட இடம் சொவேட்டோவின் சியாவெலோ. 2008 மே மாதம் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிய வெறியாட்டத்தில், பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களை வீடு வீடாகத் தேடி அடித்தார்கள், 60 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம் படம் வெளியாகிறது.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. விகஸ் என்ற அந்த நிறுவன அலுவலர் கையில் அட்டையோடு குடிசை குடிசையாகப் போய் வெளியேற்ற நோட்டீஸில் கையெழுத்து வாங்குகிறார். கெட்டவர் போல நடந்துகொள்வதே இல்லை, சிரித்த முகம், கேமராவைப் பார்த்துப் பேச்சு. ஒரு குடிசையில் கிறிஸ்டோபர் என்ற ஏலியன் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இது சட்டப்படி செல்லாது என்கிறார். விகஸுக்கு ஒரு நொடி தடுமாற்றம், இவனுக்குப் படிக்கத் தெரியும் என்று எதிர்பார்க்கவில்லை. உடனே பார்வை பக்கத்தில் நிற்கிற குழந்தை மேல் போகிறது. இந்த இடம் பிள்ளை வளர்க்கத் தகுதியானதா, குழந்தைகள் நலத் துறையைக் கூப்பிடட்டுமா என்கிறார். துப்பாக்கியைவிட அந்தக் காகிதமும் அந்தக் கேள்வியும்தான் பயங்கரம். அமெரிக்க எல்லையில் 2018-இல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது.

அந்தப் படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது, பெரிய குறை. வேற்றுக்கிரகத்தாருக்கு மனிதம் கொடுத்த படம், நைஜீரியர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. படத்தில் வருகிற நைஜீரியர்கள் எல்லோரும் கொள்ளையர்கள், மந்திரத்துக்காக ஏலியன் மாமிசம் தின்கிறவர்கள், தலைவனின் பெயரோ அந்நாட்டின் முன்னாள் அதிபர் பெயரை ஒத்தது. நைஜீரியாவின் தகவல் அமைச்சர் தியேட்டர்களிடம் படத்தை நிறுத்தச் சொன்னார். தடை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவருடைய கோபம் நியாயமானது. குடியேறிகள் மேல் எறியப்பட்ட அவதூறைக் கேள்வி கேட்கிற படம், தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த ஒரு நிஜக் குடியேறிக் கூட்டத்தின் மேல் அதே அவதூறை எறிகிறது. இதை மன்னித்துவிட்டுப் படத்தைக் கொண்டாட என்னால் முடியாது, கொண்டாடாமல் இருக்கவும் முடியாது.

அரசியல்வாதிகள் 'படையெடுப்பு' என்பது வெறும் மேடைப்பேச்சுதானே?

இல்லவே இல்லை. 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சஸின் எல் பாசோ நகரத்தில் ஒரு கடைக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான், 23 பேர் இறந்தார்கள். டெக்சஸ் மீது ஹிஸ்பானிக் மக்கள் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) படையெடுக்கிறார்கள், அதற்கு இது பதில் என்று அவன் முன்கூட்டியே இணையத்தில் எழுதி வைத்திருந்தான். கடையில் இருந்தவர்கள் சாமான் வாங்க வந்தவர்கள்.

சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு வேலை உண்டு. 1798-இன் பழைய சட்டத்தை எடுக்க வேண்டுமானால் போர் நடக்க வேண்டும், அல்லது படையெடுப்பு நடக்க வேண்டும். அதனால்தான் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்றின் தலைப்பிலேயே அமெரிக்க மக்களைப் 'படையெடுப்பிலிருந்து' காப்பது என்று இருக்கிறது. முதலில் படம் மனசில் பதிய வேண்டும், பிறகு மேடையில் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும், கடைசியில் நீதிமன்றத்தில் அதையே காரணமாகச் சொல்ல வேண்டும். எந்தப் படமும் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் வானத்திலிருந்து இறங்குகிற கூட்டத்தின் முகத்தை ஒருமுறை கூடக் காட்டாத நூற்றுக்கணக்கான படங்கள் நம் கண்ணைப் பழக்கி வைத்திருக்கின்றன. எல்லையில் நடக்கிற கூட்டத்தை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சியில் காட்டும்போது நமக்கு அது புதிதாகத் தெரிவதில்லை.

நல்ல ஏலியனைக் காட்டும் படங்கள் போதாதா? ஈ.டி.யைப் பார்த்து அழாதவர் யார்?

நானும்தான் அழுதேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், 1982-இன் ஈ.டி. கடைசியில் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஊரே நேசிக்கிற ஏலியன், போய்விடுகிற ஏலியன். அது காயத்தைத் தொட்டால் ஆறுகிறது, வாடிய பூ மலர்கிறது. நல்ல குடியேறி என்றால் மருத்துவராகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டும், ஏதாவது அதிசயம் செய்து தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டும் என்கிற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. ஒன்றும் பெரிதாகச் செய்யாமல், பாத்திரம் கழுவி, பிள்ளையைப் படிக்க வைத்து, முட்டி வலியோடு வயதாகிற ஆளுக்கு அந்த அன்பு கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

சூப்பர்மேன் விஷயமும் இதுதான். 1938-இல் முதன்முதலாக அச்சில் வந்த அவனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். கிரிப்டானிலிருந்து காகிதம் இல்லாமல் வந்து கான்சஸ் பண்ணையில் வளர்ந்தவன்தான் அவனும். 2025-இல் புதுப் படம் வந்தபோது இயக்குநர் ஜேம்ஸ் கன் இது ஒரு குடியேறியின் கதை என்று சொன்னதற்கு எவ்வளவு கூச்சல்! எண்பது வருஷமாகக் கண்ணெதிரே இருந்த விஷயத்தைச் சொன்னதற்கு.

தமிழர்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற துருப்பிடித்த சரக்குக் கப்பல் 492 ஈழத் தமிழர்களோடு கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தது. மாதக்கணக்கில் கடலில் இருந்தார்கள், வழியில் ஒருவர் இறந்துபோனார். கப்பல் கரை சேர்வதற்கு முன்பே அமைச்சர் ஆள்கடத்தல், பயங்கரவாதம் என்று பேச ஆரம்பித்துவிட்டார், ஆண், பெண், குழந்தைகள் எல்லோரையும் காவலில் வைத்தார்கள். பிறகு அவர்களில் கணிசமானவர்களை அகதிகள் என்று கனடாவே ஏற்றுக்கொண்டது. ஜோகன்னஸ்பர்க் மேலே கப்பல் நின்ற படம் வந்து சரியாக ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. உள்ளே பசியோடு ஆட்கள், வெளியே கேமராக்கள்.

இதைவிடப் பழைய கதை மலையகத்தில் இருக்கிறது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் தோட்டத் தொழிலாளர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. தேயிலையை நட்டு வளர்த்து அந்த நாட்டின் பெட்டியை நிரப்பிய ஜனங்கள். அவர்கள் எங்கிருந்தும் புதிதாக வந்து இறங்கவில்லை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தூங்கி எழுந்தபோது அந்நியர்களாகியிருந்தார்கள். 'கள்ளத்தோணி' என்ற வசவு அவர்கள் மேல் ஒட்டியது. 1964 ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது, அப்படி நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்களை இங்கே 'சிலோன்காரர்கள்' என்றார்கள். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். எந்த வேற்றுக்கிரகப் படத்திலும் இந்தத் திருப்பத்தை நான் பார்த்ததில்லை.

தமிழ் சினிமாவில் ஏலியன்?

1963-இலேயே எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து, தங்கள் ஊருக்குக் கலை சொல்லிக்கொடுக்க பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 2024-இல் 'அயலான்' வந்தது. இரண்டிலும் வருகிறவர் ஒரு வேலையாக வருகிறார். சென்னையில் வீடு தேடி, உனக்கு வீடு தர மாட்டேன் என்று பத்து இடத்தில் கேட்டுத் திரும்புகிற ஏலியனை யாராவது எழுத வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோன ஆட்கள் ரயில் ஏறிய நாட்கள் நினைவிருக்கலாம். அந்தப் படத்துக்கான கதை இங்கேயே இருக்கிறது.

அமெரிக்கா அந்தச் சொல்லை எடுத்துவிட்டதாகப் படித்தேனே?

எடுத்தார்கள், திரும்பவும் வந்துவிட்டது. 2021-இல் பைடன் அரசு குடியேற்றத் துறை அதிகாரிகளிடம் 'குடியுரிமை இல்லாதவர்' என்று எழுதச் சொன்னது. 2025-இல் மறுபடி பழையபடி. சொல்லை மாற்றியதால் யாருடைய நாடுகடத்தலும் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லையே வேண்டாம் என்கிறீர்களா?

எத்தனை பேரை எடுப்பது, யாருக்கு முதலில், கூலி குறையுமா, வீட்டு வாடகை ஏறுமா, இதெல்லாம் எந்த நாட்டு மக்களும் கேட்க உரிமை உள்ள கேள்விகள், பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு எண்ணும் சட்டமும் வேண்டும். வேற்றுக்கிரகக் கதையைக் கொண்டு வந்தால் இந்தக் கேள்விகள் எதற்குமே இடம் இருக்காது, ஏனென்றால் அங்கே இருப்பது வேறு உயிரினம், ஜெயிக்க வேண்டும் அல்லது சாக வேண்டும். ஆதரவாக எடுக்கிற படங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஹோண்டுராஸிலிருந்து நடந்து வந்த ஒரு தாய்க்காக நாம் இரங்க வேண்டும் என்பதற்கு அவளுக்கு நண்டுக் கொடுக்கையும் கூம்புத் தலையையும் வைத்துக் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

எதை முதலில் பார்க்கலாம்? பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பெரியவர்கள் 1951 படத்தில் தொடங்கி, 1984, 1988, கடைசியாக 'டிஸ்ட்ரிக்ட் 9' என்று வரிசையாகப் போங்கள், கேமரா வானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிசை வாசலுக்கு இறங்கி வருவது தெரியும். பிள்ளைகளுக்கு ஈ.டி.யும் 'மென் இன் பிளாக்'கும் சரி. 'டிஸ்ட்ரிக்ட் 9' சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், ரத்தமும் வசவும் அதிகம். பதினாறு பதினேழு வயதில் பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் அந்த நோட்டீஸ் காட்சியை மட்டும் மறுபடி போட்டு, இதில் யார் சட்டம் தெரிந்தவர் என்று கேளுங்கள்.